புனைவு வானூர்திகளின் வடிவமைப்பு: மயிற்பொறி முதல் விண்கப்பல் வரை

புனைவு வானூர்திகள் என்பவை இலக்கியம், தொன்மம், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் மட்டும் பறக்கும் ஊர்திகள் ஆகும். சீவக சிந்தாமணியின் மயிற்பொறி, வைமானிக சாஸ்திரத்தின் விமானங்கள், ஆங்கில அறிபுனைகளின் விண்கப்பல்கள் ஆகியவை இவ்வகையில் அடங்கும். இவை உண்மையில் பறந்தவை அல்ல. ஆயினும் இவற்றின் வடிவம், எடை, ஆற்றல் மூலம், கட்டுப்பாட்டு முறை ஆகியவற்றைப் பொறியியல் நோக்கில் ஆராய முடியும். அவ்வாறு ஆராயும்போது, சில ஊர்திகளில் கதாசிரியரின் கூர்ந்த பொறியியல் உணர்வும், வேறு சிலவற்றில் அடிப்படை இயற்பியலுக்கு முரணான பிழைகளும் தெரியவருகின்றன.

சொற்பொருள்

தமிழில் "விமானம்" என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் வழக்கில் உள்ளன. ஒன்று, வானில் செல்லும் ஊர்தி. மற்றொன்று, கோயில் கருவறையின் மேல் எழும் கட்டுமானம். விழுப்புரம் மாவட்டம் பனைமலையில் இராசசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலின் விமானம் இரண்டாவது பொருளுக்கு எடுத்துக்காட்டாகும். எனவே பழைய நூல் ஒன்றில் "விமானம்" என்ற சொல் வருவதை மட்டும் கொண்டு அங்கே பறக்கும் எந்திரம் இருந்ததாக முடிவு செய்ய இயலாது.

புறநானூற்றின் 27ஆம் பாடலில் ஓட்டுநர் இல்லாமலே செல்லும் வான ஊர்தி பற்றிய குறிப்பு உள்ளது. இப்பாடல் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. புலவர் பாடும் புகழை உடையவர்கள் இறந்த பின் பெறும் பேறாக அந்த ஊர்தி சொல்லப்படுகிறது. அது எதனால் ஆனது, எவ்வாறு இயங்கியது என்ற செய்தி எதுவும் பாடலில் இல்லை. ஆகவே அது வடிவமைப்பு ஆய்வுக்கு உரியதன்று. மயிற்பொறியின் நிலை வேறு.

மதிப்பிடும் முறை

ஒரு புனைவு ஊர்தியை மதிப்பிடப் பின்வரும் ஐந்து கேள்விகள் பயன்படும்.

1. ஆற்றல்: ஊர்தி இயங்கத் தேவையான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அது போதுமா?
2. எடை: ஊர்தி, எரிபொருள், பயணிகள் ஆகியவற்றின் மொத்த எடையை அந்த ஆற்றல் தாங்குமா?
3. கட்டுப்பாடு: ஏறுவது, இறங்குவது, திரும்புவது ஆகியவற்றை ஓட்டுநர் எவ்வாறு செய்கிறார்?
4. வெப்பம்: எந்திரத்தில் உண்டாகும் வெப்பம் எப்படி வெளியேறுகிறது?
5. பழுது: ஒரு பகுதி செயலிழந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும்?

இவற்றுள் முதல் மூன்று கேள்விகள் எல்லா வானூர்திகளுக்கும் பொருந்தும். நான்காவது கேள்வி காற்றில்லாத விண்வெளியில் செல்லும் கலங்களுக்கு மிக முக்கியமானது. ஐந்தாவது கேள்வியைப் பெரும்பாலான கதைகள் தாமே எழுப்பிக்கொள்கின்றன. பழுது ஏற்பட்டால்தான் கதை நகரும் என்பதே இதற்குக் காரணம்.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறி

சீவக சிந்தாமணி திருத்தக்க தேவர் இயற்றிய சமணக் காப்பியம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான இது 13 இலம்பகங்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டது. உ. வே. சாமிநாதையர் இதனை 1887இல் அச்சில் பதிப்பித்தார். சமண சமயக் கருத்துகளை அறியக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் உதவியை அவர் நாடினார். தமிழ்ச் சமணர்கள் இன்றும் கணிசமாக வாழும் பகுதிகளுள் திண்டிவனம், செஞ்சி வட்டாரம் ஒன்று. அவர்களின் மடம் விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் உள்ளது.

காப்பியத்தின் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தில் மயிற்பொறி வருகிறது. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிட்டு அரசி விசயையுடன் இன்பத்தில் மூழ்கியிருக்கிறான். விசயை கண்ட தீய கனவு வரப்போகும் கேட்டை உணர்த்துகிறது. கருவுற்றிருக்கும் அரசியைத் தப்புவிக்க மன்னன் மயில் வடிவில் ஒரு பறக்கும் பொறியைச் செய்விக்கிறான். கட்டியங்காரன் அரண்மனையை முற்றுகையிடும்போது, விசயை அதில் ஏறித் தப்புகிறாள்.

நிறைகள்

மயிற்பொறியின் முதல் சிறப்பு அதன் பொருள் தேர்வு. துணி, நூல், பிசின், அரக்கு, மெழுகு போன்றவற்றால் அது ஏழு நாள்களில் செய்யப்பட்டதாகக் காப்பியம் கூறுகிறது. இரும்போ கல்லோ முதன்மைப் பொருளாகச் சொல்லப்படவில்லை. பறக்கும் பொருள் இலேசாக இருக்க வேண்டும் என்ற உணர்வு இதில் தெரிகிறது. 1979 ஜூன் 12 அன்று மனித ஆற்றலால் மட்டும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த "காசமர் ஆல்பட்ராஸ்" வானூர்தியும் இதே கொள்கையில் அமைந்ததே. கரிமநார்க் குழாய்களும் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் கொண்டு செய்யப்பட்ட அதன் எடை சுமார் 32 கிலோகிராம் மட்டுமே. இறக்கையின் நீளமோ சுமார் 30 மீட்டர்.

இரண்டாவது சிறப்பு அதன் எளிய கட்டுப்பாடு. பொறியை வலப்பக்கம் திருகினால் மயில் மேலே எழும். இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கிக் கால்களை மடக்கி அமரும். ஒரே கருவியால் இரு செயல்கள். கருவுற்ற பெண் ஒருத்தி தனியாக, அவசரத்தில் இயக்க வேண்டிய ஊர்திக்கு இது பொருத்தமான ஏற்பாடு. இறங்கும்போது கால் மடங்கும் என்பதும் கவனிக்கத்தக்கது. தரையிறங்கும் உறுப்பைப் பற்றி நினைத்துப் பார்க்காத புனைவு ஊர்திகள் பல உள்ளன.

மூன்றாவது, பயிற்சி. ஆபத்து வருவதற்கு முன்பே விசயை மயிற்பொறியை இயக்கிப் பழகுகிறாள். ஊர்தியை மட்டும் கொடுத்து ஓட்டுநரைப் பழக்காமல் விடுவது உண்மை உலகிலும் விபத்துக்குக் காரணமாகிறது.

நான்காவது, பழுதின்போது நடந்துகொள்ளும் விதம். வானில் செல்லும் விசயை, கட்டியங்காரனின் வெற்றி முரசைக் கேட்டுக் கணவன் இறந்ததை உணர்ந்து மயங்குகிறாள். ஓட்டுநர் நினைவிழந்த நிலையிலும் ஊர்தி விழுந்து நொறுங்கவில்லை. நகரின் புறத்தே உள்ள இடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். ஓட்டுநர் செயலிழந்தால் ஊர்தி தானே பாதுகாப்பான நிலைக்குச் செல்ல வேண்டும் என்பது இன்றைய பொறியியலின் முக்கிய விதிகளுள் ஒன்று. ஓட்டுநரிடமிருந்து அசைவில்லை என்றால் தானே பிரேக் போடும் சாதனம் ரயில் எஞ்சின்களில் இதற்காகவே பொருத்தப்படுகிறது.

குறைகள்

மயிற்பொறியின் முதல் குறை அதில் ஒருவருக்கே இடம் உண்டு என்பது. மன்னன் அரண்மனையில் தங்கிப் போரிட்டு மடிகிறான். அடுத்த குறை திசை பற்றியது. ஏறவும் இறங்கவும் வழி சொல்லப்படுகிறதே அன்றி, இடம் வலமாகத் திரும்பும் முறை விளக்கப்படவில்லை. இறங்கும் இடத்தை ஓட்டுநர் தேர்ந்தெடுக்க முடியாததால்தான் அரசி இடுகாட்டில் பிள்ளை பெற நேர்கிறது.

மிகப் பெரிய குறை ஆற்றலில் உள்ளது. பொறியைத் திருகுவது என்பதைச் சுருள்வில்லை முறுக்குவதாகக் கொண்டால், கணக்கு கைகொடுப்பதில்லை. ஒரு கிலோகிராம் எஃகுச் சுருள்வில் சேமிக்கும் ஆற்றல் சில நூறு ஜூல் அளவே. அதனை 300 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்த 9.8 ஜூல் வேண்டும். எனவே அந்த வில், ஆற்றல் சிறிதும் வீணாகாத நிலையிலும், தன் எடையை மட்டுமே சுமார் 30 மீட்டர் உயர்த்தும். 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை 100 மீட்டர் உயர்த்த 49,000 ஜூல் தேவை. மேகம் வரை செல்வது அந்த வில்லால் நடவாது.

இறக்கையும் சிக்கலானதே. ஒரு பறவையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்கு ஆக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். அதனால்தான் இன்று பறக்கும் பறவைகளுள் மிகக் கனமானவையும் ஏறத்தாழ 20 கிலோகிராமைத் தாண்டுவதில்லை. மனிதரைச் சுமக்கும் மயிலுக்கு மயிலின் உருவ விகிதம் பொருந்தாது. காசமர் ஆல்பட்ராஸ் 30 மீட்டர் இறக்கையுடன் அமைந்ததற்கு இதுவே காரணம்.

இக்குறைகள் காப்பியத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை. திருத்தக்க தேவர் மயிற்பொறியைக் கதையின் தேவைக்காகப் படைத்தார். அதனைச் செய்யும் முறையைக் கற்பிப்பதாக அவர் உரிமை கோரவில்லை.

வைமானிக சாஸ்திரத்தின் விமானங்கள்

அத்தகைய உரிமைகோரலுடன் வந்த நூல் வைமானிக சாஸ்திரம். இது பரத்வாச முனிவர் அருளியது என்று சொல்லப்படும் சமசுகிருத நூல். ஓசூரை அடுத்த ஆனேக்கல்லைச் சேர்ந்த பண்டிதர் சுப்பராய சாஸ்திரி 1918 முதல் 1923 வரை இதனை வாய்மொழியாகச் சொல்ல, வெங்கடாசல சர்மா எழுதினார். படங்களை எல்லப்பா என்ற வரைவாளர் 1923இல் வரைந்தார். 1959இல் இந்தியிலும், 1973இல் மைசூரைச் சேர்ந்த ஜி. ஆர். ஜோசியரின் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் இது வெளிவந்தது. நாட்டுக்கு நாடு, தீவுக்குத் தீவு, உலகுக்கு உலகு செல்லவல்லது விமானம் என இந்நூல் வரையறுக்கிறது. சகுன, சுந்தர, ருக்ம, திரிபுர என நான்கு விமானங்கள் இதில் விளக்கப்படுகின்றன.

1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எச். எஸ். முகுந்தா, எஸ். எம். தேஷ்பாண்டே, எச். ஆர். நாகேந்திரா, ஏ. பிரபு, எஸ். பி. கோவிந்தராஜு ஆகிய ஐவர் இந்நூலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். நூலின் வரலாற்றையும் தொழில்நுட்பத்தையும் தனித்தனியே அவர்கள் சோதித்தனர். அவர்களின் முடிவுகள் சுருக்கமாக வருமாறு:

• நூலின் மொழி வேதகால மொழி அன்று, பிற்காலச் சமசுகிருதம். நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது.
• நான்கு விமானங்களில் எதுவும் பறக்கும் தகுதி உடையதன்று. அவற்றின் உந்துமுறை பறப்பதற்கு உதவுவதற்கு மாறாகத் தடையாக அமைகிறது.
• நூலின் உரையும் படங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.
• படங்களில் தற்கால எந்திரங்களின் அறிவு தெரிகிறது. படம் வரைந்தவர் பொறியியல் கல்லூரியுடன் தொடர்புடையவர் என்பது இதனை விளக்குகிறது.

ஆய்வாளர்கள் நூலை முற்றாகப் புறந்தள்ளிவிட்டுப் பேசவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ருக்ம விமானத்தின் படத்தில் நெடிய குழாய்களும் அவற்றின் மேல்முனையில் விசிறிகளும் உள்ளன. மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளினால் ஏற்றுவிசை கிடைக்கும் என்ற கருத்து பொருளுடையதே என அவர்கள் ஏற்றுக்கொண்டனர். கருத்து சரியாக இருப்பதும் வடிவமைப்பு பறப்பதும் ஒன்றல்ல.

1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த பின்னர், எந்திர விமானம் பற்றிய செய்தி உலகெங்கும் பரவிய காலத்தில் உருவான நூல் இது. அக்காலத்துக் கற்பனையின் ஆவணமாக இதனைப் படிக்கலாம். பண்டைய இந்தியாவின் விமான அறிவுக்குச் சான்றாக இதனைக் காட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது. 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த 102ஆவது இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய விமானங்கள் பற்றிய உரை ஒன்று இடம்பெற்றது. அதற்கு அறிவியலாளர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 41 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டு விடை சொல்லப்பட்ட கேள்வி, மாணவர்களும் கூடும் மாநாட்டில் விடை காணாத கேள்வியைப் போல மீண்டும் மேடை ஏறியதே எதிர்ப்பின் அடிப்படை.

தமிழ்த் திரையில் பறக்கும் தட்டு

ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம். ஜி. ஆர்., பி. பானுமதி நடித்த கலை அரசி (1963) விண்வெளிப் பயணத்தைக் காட்டிய முன்னோடித் தமிழ்ப் படம். வேற்றுக் கோளினர் தம் உலகுக்கு இசை கற்பிக்கப் பூமியிலிருந்து ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்வது இதன் கதை. 2018இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய டிக் டிக் டிக், பூமியை நோக்கி வரும் விண்கல்லைத் தடுக்கச் செல்லும் குழுவைப் பற்றியது.

இவ்விரண்டு படங்களுக்கும் இடையிலான 55 ஆண்டுகளில் பார்வையாளரின் எதிர்பார்ப்பு மாறிவிட்டது. பறக்கும் தட்டு வடிவம் கதாசிரியருக்கு வசதியானது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் இல்லை. எரிபொருள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ராக்கெட் ஏவுதலைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது போதாது. அடுக்குகள் கழல்வதும், எரிபொருள் தீர்வதும், தொடர்பு அறுவதும் கதையின் பகுதியாகிவிட்டன.

மேலைநாட்டு விண்கப்பல்கள்

எண்டர்பிரைசு

1966இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் கப்பலை மாட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்தார். பேராற்றல் கொண்ட எஞ்சின்கள் ஆபத்தானவை என்பதால் அவை கப்பலின் உடலிலிருந்து விலக்கித் தூண்களின் முனையில் வைக்கப்பட்டுள்ளன. இது அதன் சிறப்பு. கப்பலைக் கட்டுப்படுத்தும் அறை தட்டின் உச்சியில் வெளிப்பட்டு இருப்பது அதன் குறை. தாக்குபவருக்கு முதலில் கிடைக்கும் இலக்கு அதுவே. கப்பல் குலுங்கும்போதெல்லாம் பணியாளர்கள் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படுவதும் ரசிகர்கள் அடிக்கடி சுட்டும் குறையாகும்.

டிஸ்கவரி

1968இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" படத்தில் வரும் டிஸ்கவரி, பொறியியல் நோக்கில் கவனமாக வடிவமைக்கப்பட்ட கப்பல்களுள் ஒன்று. அணு உலை ஒரு முனையிலும் பயணிகள் தங்கும் கோளம் மறுமுனையிலும் உள்ளன. இடையே உள்ள நீண்ட தண்டு கதிர்வீச்சின் பாதிப்பைக் குறைக்கிறது.

கோளத்துக்குள் சுழலும் உருளை ஒன்று செயற்கை ஈர்ப்பைத் தருகிறது. படப்பிடிப்புக்காகக் கட்டப்பட்ட உருளையின் விட்டம் சுமார் 11.6 மீட்டர். இந்த அளவில் பூமியின் ஈர்ப்பைப் பெற நிமிடத்துக்கு 12 முறைக்கு மேல் சுழல வேண்டும். அவ்வேகத்தில் பெரும்பாலோருக்குத் தலைசுற்றும். நிமிடத்துக்கு இரண்டு சுற்று மட்டும் போதும் என்றால் ஆரமே சுமார் 220 மீட்டராக வேண்டும். எனவே சிறிய உருளையில் நிலவின் ஈர்ப்பளவு குறைந்த ஈர்ப்போடு நிறைவடைவதே நடைமுறைக்கு ஏற்றது.

டிஸ்கவரியில் விடுபட்டது வெப்பம் வெளியேறும் வழி. விண்வெளியில் காற்று இல்லாததால் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். அதற்குப் பரந்த ரேடியேட்டர் பலகைகள் தேவை. முதல் வரைவுகளில் அவை இருந்தன. பார்வையாளர்கள் அவற்றை இறக்கைகள் என்று தவறாக நினைப்பார்கள் என்பதால் பின்னர் நீக்கப்பட்டன. 27 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் பரப்பு சுமார் 460 வாட் ஆற்றலையே கதிர்வீசும். ஒரு மெகாவாட் கழிவு வெப்பத்தை அவ்வெப்பநிலையில் வெளியேற்ற இரண்டாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அம்மோனியா ஓடும் பெரிய ரேடியேட்டர்கள் உள்ளன. 2009இல் வந்த அவதார் படத்தின் விண்கப்பலில் இத்தகைய பலகைகள் காட்டப்பட்டுள்ளன.

டிஸ்கவரியின் கடுமையான குறை எல்லாக் கட்டுப்பாடும் ஹால் என்ற ஒரே கணினியிடம் இருப்பது. அந்தக் கணினி தவறும்போது அதற்கு மாற்று இல்லை. உறக்கத்தில் இருக்கும் பயணிகளின் உயிரும் அதன் கையில் உள்ளது.

டெத் ஸ்டார்

1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் டெத் ஸ்டார், இரண்டு மீட்டர் அகலமுள்ள வெப்பப் போக்கியின் வழியே தகர்க்கப்படுகிறது. இது கேலிக்கு உள்ளான குறை. ஆயினும் வெப்பம் வெளியேற வழி தேவை என்பதை ஒப்புக்கொண்ட வகையில் இது டிஸ்கவரியை விட நேர்மையானது. தவறு துளையில் இல்லை. அது வளைவோ தடுப்போ இன்றி உலை வரை நேராகச் சென்றதில் உள்ளது. 2016இல் வந்த ரோக் ஒன் படம், அந்தக் குறையை வடிவமைப்பாளரே வேண்டுமென்று வைத்ததாகக் கதை அமைத்தது.

கற்பனையை அளந்து பார்த்த முயற்சி

விண்மீன்களுக்கு இடையிலான தொலைவே விண்கப்பல் வடிவமைப்பின் முதல் தடை. சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. நொடிக்கு 17 கிலோமீட்டர் செல்லும் வாயேஜர் 1 அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும்.

பிரித்தானியக் கோளிடைச் சங்கம் 1973 முதல் 1978 வரை டேடலஸ் என்ற திட்டத்தை வரைந்தது. அணுக்கரு இணைவால் இயங்கும் ஆளில்லாக் கலம், ஒளியின் வேகத்தில் சுமார் 12 விழுக்காட்டை எட்டி, ஏறத்தாழ 50 ஆண்டுகளில் பர்னார்டு விண்மீனை அடையும் என்பது திட்டம். அதன் எடையான 54,000 டன்னில் 50,000 டன் எரிபொருள். இவ்வளவு எரிபொருள் இருந்தும் வேகத்தைக் குறைக்க வழியில்லை. கலம் விண்மீனைத் தாண்டிச் சென்றுவிடும். வடிவமைப்பாளர்கள் இந்தக் குறையை மறைக்காமல் திட்டத்திலேயே எழுதினர்.

குறையை முன்கூட்டியே எழுதிவைப்பது மனிதரை ஏற்றும் கலங்களில் உயிர் காக்கும் செயல். இந்தியாவின் ககன்யான் திட்டத்தில், மனிதர் செல்லும் கலத்துக்கு முன்பே அவர்களைத் தப்புவிக்கும் அமைப்பு சோதிக்கப்பட்டது. 2018 ஜூலை 5 அன்றும் 2023 அக்டோபர் 21 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவில் இச்சோதனைகள் நடந்தன. ராக்கெட் பழுதானால் வீரர்கள் இருக்கும் பகுதியைத் தனியே பிரித்துத் தொலைவுக்குக் கொண்டுசென்று இறக்குவது இதன் வேலை.

கல்வியில் பயன்பாடு

புனைவு வானூர்திகளை மதிப்பிடுவது இயற்பியல் கற்பதற்கு எளிய வழியாகும். மயிற்பொறியைக் கொண்டு ஆற்றல் சேமிப்பையும், டிஸ்கவரியைக் கொண்டு வட்ட இயக்கத்தையும் வெப்பக் கதிர்வீச்சையும், டேடலசைக் கொண்டு எரிபொருள் விகிதத்தையும் பள்ளி அளவிலேயே கணக்கிடலாம்.

ஒரு நூலோ படமோ தன்னைக் கதை என்று சொல்லிக்கொள்ளும்போது, அதன் ஊர்தி பறக்காது என்பது குற்றச்சாட்டு ஆகாது. செய்முறை என்று சொல்லிக்கொள்ளும்போது மேற்கண்ட ஐந்து கேள்விகளுக்கும் அது எண்களால் விடை தர வேண்டும். 1974இல் ஐந்து பொறியாளர்கள் வைமானிக சாஸ்திரத்திடம் கேட்டது இதையே. பழைமை, புகழ், நாட்டுப்பற்று ஆகியவை அக்கேள்விகளுக்கு விடையாக மாட்டா. இந்த வேறுபாட்டை அறிந்த மாணவர் மயிற்பொறியைக் காப்பியமாகச் சுவைக்கலாம். அதன் ஆற்றல் கணக்கையும் தயக்கமின்றிப் போட்டுப் பார்க்கலாம்.